ட்ரோபோனின் ‘நெகட்டிவ்’, ஆனாலும் மாரடைப்பு: சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 57 வயதுப் பெண். சோழவந்தானை ஒட்டிய ஒரு ஊர். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, கவுளி கட்டும் வேலை. 11 வருடமாகச் சர்க்கரை, 6 வருடமாக ரத்தக் கொதிப்பு. மாத்திரை விடாமல் சாப்பிடுகிறவர்தான், ஆனாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லை. அண்ணன் ஒருவர் 48 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோயிருக்கிறார். என்ன காரணம் என்று யாரும் பார்க்கவில்லை. புகையிலை இல்லை. வெற்றிலை மட்டும் போடுவார்.

மதுரைக்கு மேற்கே இருக்கும் எங்கள் மருத்துவமனைக்கு அவரைக் காலை 7:10-க்கு மகன் கூட்டிவந்தார். கையில், முதலில் பார்த்த மருத்துவர் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு: ‘டிராப்-ஐ: நெகட்டிவ்’. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின்-ஐ என்ற புரதம் தென்படவில்லை என்று பொருள். அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். நேரம் எதுவும் இல்லை.

“சார், அங்கனயே டெஸ்ட் எடுத்தாச்சு சார். ஹார்ட் இல்லைன்ட்டாங்க. கேஸுக்கு ஊசி போட்டாங்க, கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு. வண்டியில வரும்போது திரும்பவும் வேர்த்துப்போச்சு” என்றார் மகன். அம்மாவிடம் கேட்டால், “நெஞ்சுக்குழியில எரியுது சார். தாடை கடுக்குது. முதுகுல யாரோ கை வச்சு அழுத்துற மாதிரி இருக்கு” என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்று நேராகக் கேட்டபோது, “நெஞ்சு வலி இல்ல சார்” என்று உறுதியாகச் சொன்னார்.

இந்தப் பதிலில்தான் பெரும்பாலும் தடுக்கி விழுகிறோம். பெண்களிடமும் வெகுநாள் சர்க்கரை உள்ளவர்களிடமும் மாரடைப்பு பல நேரம் இப்படியும் வரும்: எரிச்சல், கடுப்பு, அசதி, மூச்சு முட்டல், வேர்வை. வலி என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வந்தே தீரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவர் சொன்ன மூன்றையும், அதாவது மேல்வயிற்று எரிச்சல், தாடைக் கடுப்பு, வேர்வை ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டாலே ஈ.சி.ஜி. எடுக்கக் கை போய்விட வேண்டும்.

7:16-க்கு ஈ.சி.ஜி. எடுத்தோம். எஸ்.டி. ஏற்றம், அதாவது குழாய் முழுதாக அடைத்த மாரடைப்பில் ஈ.சி.ஜி. கோட்டின் ஒரு பகுதி மேலே எழுவது, எங்கும் இல்லை. நெஞ்சின் இடப்பக்கத்தைப் பார்க்கும் வி5, வி6 லீடுகளில் டி அலை சற்றுத் தட்டையாக இருந்தது. பழைய ஈ.சி.ஜி. கையில் இல்லாததால் இது புதிதா பழையதா என்று சொல்ல வழியில்லை. முதுகுப் பக்கத்து வி7, வி8, வி9-ம் எடுத்துப் பார்த்தோம். அங்கேயும் ஏற்றம் இல்லை. நாடித்துடிப்பு 92, ரத்த அழுத்தம் 150/90, இரண்டு கையிலும் ஒரே அளவு. ஆக்ஸிஜன் 97 சதவீதம். சர்க்கரை 268. நுரையீரலில் சத்தம் இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் மகாதமனி அகலமாகத் தெரியவில்லை.

எஸ்.டி. ஏற்றம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அந்த வகை மாரடைப்பில் ட்ரோபோனினுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. ரத்தக்குழாயைத் திறக்கும் ஏற்பாட்டை உடனே தொடங்க வேண்டும். ரத்தப் பரிசோதனை தேவைப்படுவது ஈ.சி.ஜி. வாய் திறக்காதபோதுதான். இவருடைய ஈ.சி.ஜி. அப்படிப்பட்டது.

வலி தொடங்கிய நேரம்

சீட்டில் ‘நெகட்டிவ்’ என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் தேவைப்பட்டது இரண்டு நேரங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, அந்த ரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது.

இரண்டாவது எளிதாகக் கிடைத்தது. மகன் அந்த டெஸ்ட் அட்டையைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார், அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப. படம் எடுத்த நேரம் காலை 6:05. விரல் நீள வெள்ளை அட்டை, ரத்தம் விடும் குழி, அதற்கு மேலே சி என்ற எழுத்துக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு (அட்டை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்). ட்ரோபோனின் இருந்தால் கோடு விழ வேண்டிய டி என்ற எழுத்துக்கு நேராக ஒன்றும் இல்லை. மங்கலாகக்கூட இல்லை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டை செல்லாமல் போகவில்லை, தவறாகப் படிக்கவும் இல்லை. அந்த மருத்துவர் பார்த்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

முதலாவதுதான் சிக்கல். “நேத்து ராத்திரியில இருந்தே சார்” என்றார் மகன். முந்தைய மருத்துவரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இரவு 9 மணிக்குத் தொடங்கிய வலி என்று வைத்துக்கொண்டால், காலை 6 மணிக்கு எடுத்த ரத்தத்தில் 9 மணி நேரம் கழிந்திருக்கிறது. அத்தனை நேரம் கழித்தும் ட்ரோபோனின் வரவில்லை என்றால் ‘ஹார்ட் இல்லை’ என்று ஒருவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அவருக்குக் கிடைத்த தகவலை வைத்து அவர் எடுத்த முடிவு அது.

அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேட்டபோது கதை வேறாக இருந்தது. ராத்திரி சாப்பிட்டபின் லேசாக எரிந்திருக்கிறது, பத்து நிமிடத்தில் அடங்கி, நன்றாகத் தூங்கியும் இருக்கிறார். விடிகாலையில் எழுந்து பல் விளக்கும்போதுதான் ‘உக்கார முடியல, நிக்க முடியல’ என்ற நிலை. மணி என்ன என்று கேட்டால் தெரியவில்லை. “அப்ப தங்கச்சிக்குப் போன் போட்டேன், இன்னைக்குக் கொடிக்காலுக்கு வரலன்னு” என்றார். போனை வாங்கிப் பார்த்தோம். தங்கைக்குப் போன அழைப்பு 4:41.

ஆக வலி தொடங்கியது சுமார் 4:30. அட்டையில் ரத்தம் விட்டது 6 மணிக்குச் சற்று முன். இடைவெளி 9 மணி நேரம் இல்லை, ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. சீட்டில் இருந்த ‘நெகட்டிவ்’ அந்த நிமிடத்தோடு எனக்குப் பொருளில்லாமல் போனது.

இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று தோன்றியதே இதற்காகத்தான். எவ்வளவு நல்ல கருவியானாலும், வலி தொடங்கிய நேரம் தவறாக இருந்தால் ட்ரோபோனின் எண் நம்மைத் தவறான இடத்துக்கே கூட்டிப்போகும். அந்த நேரத்தைக் கேட்டு வாங்குவது லேப் வேலை இல்லை, நம் வேலை. ‘ராத்திரியில இருந்து’, ‘ரெண்டு நாளா’ என்ற பதில்களை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. விட்டு விட்டு வந்ததா, தூங்க முடிந்ததா, இப்போது இருப்பதுபோல் எப்போதிருந்து இருக்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டால் நேரம் வெளியே வரும். கிராமத்து மனிதர்கள் கடிகாரத்தைப் பார்த்து வலியை உணர்வதில்லை. ஆனால் பால்காரர் வந்ததும் முதல் பஸ் போனதும் தெரியும். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அதில் அழைப்பு நேரமும் இருக்கிறது.

13, 31, 212

எங்கள் லேபில் இருப்பது, மிகச் சிறு அளவையும் எண்ணாகக் காட்டும் உயர் உணர்திறன் ட்ரோபோனின்-ஐ பரிசோதனை. முதல் ரத்தம் 7:20-க்கு எடுத்தோம். முடிவு: லிட்டருக்கு 13 நானோகிராம். எங்கள் கருவியில் பெண்களுக்கான மேல்வரம்பு 16, ஆண்களுக்கு 34. அதாவது முதல் முடிவு வரம்புக்குள்தான்.

மகனுக்கு இதைச் சொன்னபோது முகம் தெளிந்தது. “அப்ப அங்க சொன்னது கரெக்ட்தானே சார்?” என்று கேட்டார். இல்லை என்று விளக்கினேன். வலி தொடங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலில், முதல் ரத்தத்தை மட்டும் வைத்து மாரடைப்பு இல்லை என்று சொல்ல இரண்டு நிபந்தனைகள் உண்டு: வலி தொடங்கி 3 மணி நேரம் தாண்டியிருக்க வேண்டும், எண் மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் வகைக் கருவியில் அந்த ‘மிகக் குறைவு’ என்பது 4-க்குக் கீழே. இவருக்கு இரண்டும் பொருந்தவில்லை. வரம்புக்குள் இருக்கிறது என்பதும் மாரடைப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. 13 என்பது இரண்டுக்கும் நடுவில், காத்திருந்து பார் என்று சொல்லும் எண்.

ஆஸ்பிரின் 300 மில்லிகிராமை மெல்லச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் காத்திருந்தோம். மானிட்டரில் போட்டோம். ஈ.சி.ஜி.யை 7:50-க்குத் திரும்ப எடுத்தோம், மாற்றமில்லை.

8:20-க்கு இரண்டாவது ரத்தம். முடிவு 31.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 31 என்பது பெரிய எண் இல்லை. ஆண்களுக்கான 34-ஐ வைத்துப் பார்த்தால் இதுவும் ‘நார்மல்’. பல லேப் ரிப்போர்ட்டுகளில் ஆண், பெண் பிரிக்காமல் ஒரே வரம்பை அச்சடித்துவிடுகிறார்கள். அந்த ஒரே வரம்பு ஆண்களுடையதாக இருந்தால் பெண்களின் மாரடைப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். இன்னும் சில ரிப்போர்ட்டுகளில் அலகே மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று வரும். அப்படி அச்சடித்தால் இந்த எண் 0.031. அதைப் பார்த்து யாருக்கும் பதற்றம் வராது. லிட்டர் கணக்கா மில்லிலிட்டர் கணக்கா என்று பார்க்காமல் ட்ரோபோனின் எண்ணைப் போனில் சொல்வதும் கேட்பதும் ஆபத்து. ஆயிரம் மடங்கு வித்தியாசம் அது.

எங்களுக்கு 31 பெரிதாகத் தெரியவில்லை, 13-லிருந்து 31 ஆனதுதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் 18 ஏற்றம். இந்த வகைக் கருவியில் ஒரு மணி நேரத்தில் 6 அல்லது அதற்கு மேல் ஏறினாலே மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு போகச் சொல்கிறது அதே வழிகாட்டுதல். வைகை அணையில் நீர்மட்டம் இத்தனை அடி என்று மட்டும் சொன்னால் கரையோரத்தில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. காலையில் எத்தனை, இப்போது எத்தனை என்று சேர்த்துச் சொன்னால்தான் மாட்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார். ட்ரோபோனினும் அந்தக் கணக்குத்தான்.

9 மணிக்கு எடுத்த ஈ.சி.ஜி.யில் வி4 முதல் வி6 வரை எஸ்.டி. கோடு ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை: எஸ்.டி. ஏற்றம் இல்லாத மாரடைப்பு. குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின், ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எல்லாம் தொடங்கி, மதுரை நகருக்குள் கேத் லேப் (ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் வைக்கும் கூடம்) உள்ள மருத்துவமனையோடு பேசினோம். “பெரியாஸ்பத்திரிக்கே போயிருவோமா சார், இன்சூரன்ஸ் கார்டு இருக்கு” என்று குடும்பத்துக்குள் ஒரு விவாதம். அதை முடித்து, படுக்கை உறுதியாகி ஆம்புலன்ஸ் வரும்போது 10:20. கிளம்புமுன் எடுத்த மூன்றாவது ரத்தத்தின் முடிவு 212. அதைப் போனில் அங்கே சொன்னோம்.

அன்று மாலையே ஆஞ்சியோகிராம் செய்திருக்கிறார்கள். இதயத்தின் பின்புறச் சுவரைச் சுற்றிப்போகும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் குழாயின் ஒரு கிளையில் 95 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். ட்ரோபோனின் உச்சம் 4,860 வரை போயிருக்கிறது. எக்கோவில் பக்கச் சுவர் சற்று மந்தம், இதயத்தின் பம்ப் அளவு 52 சதவீதம். நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

சர்க்கம்ஃப்ளெக்ஸ் என்று கேட்டபோது ஈ.சி.ஜி. ஏன் அமைதியாக இருந்தது என்பது புரிந்தது. வழக்கமான 12 லீட் ஈ.சி.ஜி. சரியாகப் பார்க்காத மூலை அது. இந்தக் குழாயின் அடைப்பில் ஈ.சி.ஜி. கிட்டத்தட்ட சாதாரணமாக இருப்பது அபூர்வம் அல்ல.

அந்த அட்டையை மறுபடி ஒருமுறை

ஆம்புலன்ஸ் போனபின் எங்கள் லேப் டெக்னீஷியன் ஒரு காரியம் செய்தார். 212 என்று வந்த ரத்தத்தின் மிச்சத்தை, மகன் காட்டிய படத்தில் இருந்ததைப் போன்ற ஒரு துரித அட்டையில் விட்டுப் பார்த்தார். சொட்டு விட்டு, 15 நிமிடம் கடிகாரம் வைத்துக் காத்திருந்தோம். சி கோடு பளிச்சென்று வந்தது. டி பக்கம் வெள்ளை.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் ரத்தம் அது. பெண்களுக்கான வரம்பைப் போல 13 மடங்கு. அட்டை அதையும் ‘நெகட்டிவ்’ என்கிறது. உறையைத் திருப்பிப் பார்த்தால் காரணம் சிறிய எழுத்தில் இருக்கிறது: இந்த அட்டை காட்டத் தொடங்குவதே மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமிலிருந்து. லிட்டர் கணக்கில் 500. அதற்குக் கீழே எது இருந்தாலும் ஒற்றைக் கோடுதான். எல்லாக் கம்பெனி அட்டைக்கும் இதே எண் இல்லை, சிலது இன்னும் குறைவிலேயே காட்டும். எது எது என்று உறையைப் படித்தால்தான் தெரியும்.

நான் அட்டைக்கு எதிரி இல்லை. கருவி இல்லாத ஊரில், வலி வந்து அரைநாள் கழித்து வரும் ஒருவருக்கு இரண்டு கோடு விழுந்தால் அது பெரிய உதவி. இரண்டு கோடு விழுந்தால் நம்புங்கள், மேலே அனுப்புங்கள். ஒற்றைக் கோடு விழுந்தால், அதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வலி தொடங்கிய நேரத்தைப் பாருங்கள், ஈ.சி.ஜி.யைத் திரும்ப எடுங்கள், ரத்தம் திரும்பப் பார்க்க முடிகிற இடத்துக்கு அனுப்புங்கள். இந்த அம்மாவுக்கு வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, அண்ணன் மரணம், தெளிவில்லாத ஈ.சி.ஜி. ஆகியவற்றைக் கூட்டி, நெஞ்சு வலியோடு வருபவரின் ஆபத்தை மதிப்பெண்ணாகக் கணக்கிடும் ஹார்ட் ஸ்கோர் போட்டால், ட்ரோபோனினுக்குப் பூஜ்யம் கொடுத்தாலும் 4-க்குக் குறையாது. 3 வரை இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றியே யோசிக்கலாம்.

2023-ல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இந்த விஷயத்தில் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரெல் 75 நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் 10 எட்டு, மொத்தம் 14 மாத்திரையை அங்கேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். அட்டையில் கோடு விழும்வரை யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது

ட்ரோபோனின் என்பது தசை சுருங்குவதைக் கட்டுப்படுத்தும் புரதம். ஜப்பானின் செட்சுரோ எபாஷி 1960-களில் கண்டறிந்தது. சி, ஐ, டி என்று மூன்று பகுதிகள். சி பகுதி கை கால் தசையிலும் இதயத்திலும் ஒரே மாதிரி இருப்பதால் நமக்குப் பயனில்லை. ஐ, டி இரண்டுக்கும் இதயத்துக்கென்றே தனி வடிவம் இருக்கிறது. அதைப் பிடிக்கும் பரிசோதனையை ஜெர்மனியின் ஹூகோ காட்டுஸ் குழுவினர் 1980-களின் இறுதியில் கொண்டுவந்தார்கள்.

அதற்கு முன் இருந்தவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அவற்றில் சில இன்னும் நம் ரிப்போர்ட்டுகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்று கல்லீரல் டெஸ்ட் என்று நாம் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி.தான் 1954-ல் மாரடைப்புக்கான முதல் ரத்தப் பரிசோதனையாக வந்தது. பிறகு தசையிலிருந்து கசியும் சி.கே. என்ற நொதி, அதன்பின் அதன் இதய வகையான சி.கே.எம்.பி. ட்ரோபோனின் கிடைக்கும் இடத்தில் சி.கே.எம்.பி.யையும் சேர்த்து எழுதுவது பழக்கதோஷம் தவிர வேறில்லை. நோயாளிக்குச் செலவு, நமக்குக் குழப்பம். காலையெல்லாம் மண்வெட்டி பிடித்தவருக்கும், இடுப்பில் வலி ஊசி போட்டுக்கொண்டவருக்கும் சி.கே. ஏறும். (நெஞ்சு வலியோடு வருபவருக்கு இடுப்பு ஊசி போடாதீர்கள் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க நேர்ந்தால் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டும்.)

இதயத் தசையில் இருக்கும் ட்ரோபோனினில் மிகச் சிறு பங்குதான் செல்லுக்குள் தளர்வாக இருக்கிறது. மீதி நார்களோடு கட்டுண்டது. அடைப்பு வந்ததும் முதலில் கசிவது அந்தச் சிறு பங்கு. நார்கள் சிதையச் சிதைய மீதி மெதுவாக வரும். அதனால்தான் தொடக்கத்தில் எண் சின்னதாகவும், பிறகு பல மணி நேரம் ஏறிக்கொண்டும், ட்ரோபோனின்-ஐ ஒரு வாரம் பத்து நாள் வரைக்கும், ட்ரோபோனின்-டி இரண்டு வாரம் வரைக்கும்கூட ரத்தத்தில் இருந்துகொண்டும் இருக்கிறது. பழைய வகைப் பரிசோதனையில் கண்ணுக்குத் தெரிய 3 முதல் 6 மணி நேரம் ஆகும். உயர் உணர்திறன் வகை அதற்கு முன்பே, முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அசைவைக் காட்டிவிடும். ஆனால் அசைவைப் பார்க்க இரண்டு முறை ரத்தம் எடுத்தாக வேண்டும்.

வரம்பு என்பது எங்கிருந்து வருகிறது? நோயில்லாத மக்களில் நூற்றுக்கு 99 பேருக்கு இதற்குக் கீழேதான் இருக்கும் என்ற அளவு. 2018-ல் வெளிவந்த நான்காவது உலகளாவிய வரையறைப்படி, மாரடைப்பு என்று சொல்ல ட்ரோபோனின் ஏறவோ இறங்கவோ வேண்டும், அதில் ஒருமுறையாவது அந்த வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும், கூடவே அறிகுறியோ ஈ.சி.ஜி. மாற்றமோ எக்கோ மாற்றமோ ஒன்று இருக்க வேண்டும். இவருக்கு எல்லாமே இருந்தன.

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் 60 வயதைத் தாண்டிய ஒருவர், சளியும் மூச்சிரைப்புமாக வந்தார். ட்ரோபோனின் 88. ‘பாசிட்டிவ்’ என்று உடனே மாரடைப்பு மருந்து தொடங்கச் சொல்லி உறவினர்கள் பதறினார்கள். ஒரு மணி நேரம் கழித்து 91, மூன்று மணி நேரம் கழித்து 87. மாரடைப்பு இல்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இதயத் தசை நாள்பட நலிந்து ட்ரோபோனின் எப்போதும் உயர்ந்தே இருக்கும். முதலிலேயே உயர்ந்திருப்பவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோதான் புதிதாக ஏதோ நடக்கிறது என்று பொருள். இப்படி நிலையாக உயர்ந்திருப்பதும் நல்ல செய்தி இல்லை, அவருடைய இதயத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆனால் அன்று அவருக்குத் தேவைப்பட்டது உடம்பில் சேர்ந்த நீரை எடுப்பது. இதயத் தசை அழற்சி, நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி, கடும் தொற்று, ரத்தசோகையோடு கூடிய வேகமான துடிப்பு எல்லாமே ட்ரோபோனினை ஏற்றும். இதயத் தசைக்கு அடி விழுந்திருக்கிறது என்பதை மட்டுமே எண் சொல்லும். யார் அடித்தது என்பதை நோயாளியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பொய்யாகக் குறைவதும் உண்டு. முடி கொட்டுகிறது என்று அதிக அளவு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில வகைக் கருவிகளில் ட்ரோபோனின் குறைவாகக் காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. இந்த அம்மாவிடமும் கேட்டோம். “முடிக்கு எங்க சார் மாத்திர, தேங்காண்ணெதான்” என்றார்.

எங்கள் லேப் படிவத்தில் ட்ரோபோனினுக்கு நேராக இப்போது இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: வலி தொடங்கிய மணி, ரத்தம் எடுத்த மணி. இரண்டும் நிரப்பாமல் வந்தால் டெக்னீஷியன் வார்டுக்குப் போன் போடுகிறார். ரிப்போர்ட்டில் ஆண், பெண் வரம்பு தனித்தனியாக வருகிறது, முந்தைய எண்ணும் பக்கத்திலேயே அச்சாகிறது. ‘நெகட்டிவ்’, ‘பாசிட்டிவ்’ என்ற சொற்களை எடுத்துவிட்டோம். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. துரித அட்டை மட்டும் வைத்திருக்கும் சிறிய கிளினிக்குகளும் செய்யக்கூடியதுதான். துண்டுச் சீட்டில் இரண்டு நேரத்தை எழுத எந்தக் கருவியும் தேவையில்லை.

ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். கொடிக்காலுக்குப் போகத் தொடங்கிவிட்டாராம், ஏணி மட்டும் ஏறுவதில்லை. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 9.2-லிருந்து 7.6-க்கு வந்திருக்கிறது. எல்.டி.எல். கொழுப்பு 71, 55-க்குக் கீழே கொண்டுவர மாத்திரையைக் கூட்டினோம். ஸ்டென்டுக்கான இரண்டு மாத்திரைகளில் எதையும் பல் பிடுங்கவோ வேறு எதற்குமோ எங்களைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று மறுபடியும் சொன்னோம்.

மகன் ஒரு மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டையும் கொண்டுவந்திருந்தார், அவருடையது. வயது 34, எந்தத் தொந்தரவும் இல்லை. பேக்கேஜில் ட்ரோபோனினும் சேர்த்திருக்கிறார்கள், நெகட்டிவ். “அப்ப எனக்கு ஹார்ட்டுல ஒண்ணும் இல்லதானே சார்?” என்று கேட்டார். அன்று ரத்தம் எடுத்த நேரத்தில் மாரடைப்பு நடக்கவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை, வலி இல்லாதவருக்கு இதை எடுக்கவே தேவையில்லை என்றேன். மாமா 48 வயதில் போயிருக்கிறார், அம்மாவுக்கு 57-ல் அடைப்பு. அவருக்கு எடுக்க வேண்டியது கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம். அவற்றை அன்றே எடுத்தோம். எல்.டி.எல். 168 இருந்தது. சிகரெட்டைப் பற்றிப் பேச அவரை அடுத்த வாரம் தனியாக வரச் சொல்லியிருக்கிறேன்.